குரங்கின் பாதமும் 200 பவுணும்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் மழைநாளொன்றின் பிற்பகலில் எங்களுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டினார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய ‘குரங்கின் பாதம்’ என்ற கதை அது. நள்ளிரவில் கதவு தட்டப்படும் இடம் வந்தபோது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அன்றிரவு விடுதியில் தனியே வெளியே போகப் பலரும் தயங்கினோம். அதன் பிறகு இருபது வருடங்களாக அதை நான் ஒரு பேய்க்கதையாகவே எண்ணியிருந்தேன்.

அண்மையில் பத்தாம் தர மாணவர்களுக்கு அக்கதையைத் தமிழில் சொன்னேன். எல்லோரும் பேயைப் பற்றியே கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் வேறொன்றைக் கேட்டாள்: “சேர், அந்தக் காச கொம்பனி இரக்கப்பட்டுக் குடுத்ததா, இல்லாட்டி குடுக்க வேண்டிய காசா?”

எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் போனதன் பலனே இக்கட்டுரை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைட் தம்பதியும் அவர்களின் ஒரே மகன் ஹேர்பர்ட்டும் வாழும் வீட்டுக்கு, இந்தியாவிலிருந்து திரும்பிய மொரிஸ் என்ற சார்ஜன்ட் மேஜர் வருகிறார். அவரிடம் காய்ந்துபோன குரங்குப் பாதமொன்று இருக்கிறது. வயதான பக்கீர் ஒருவர் அதில் மந்திரம் ஏற்றியிருக்கிறார். மூன்று பேருக்குத் தலா மூன்று விருப்பங்களை அது நிறைவேற்றும். விதியோடு விளையாடுவோர் துயரப்படுவர் என்று காட்டுவதே பக்கீரின் நோக்கமாம். மொரிஸ் அதை நெருப்பில் வீசுகிறார், வைட் எடுத்துக்கொள்கிறார். வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண் கேட்கிறார். மறுநாள் ஹேர்பர்ட் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். கொம்பனி கொடுக்கும் தொகை சரியாக 200 பவுண். பத்து நாட்கள் சென்றபின், மகனைத் திரும்பக் கேட்கும்படி தாய் வற்புறுத்துகிறாள். கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளை எட்ட முயலும் வேளையில் தந்தை மூன்றாவது விருப்பத்தைக் கேட்கிறார். கதவைத் திறந்தால் வெறும் வீதி.

இக்கதை 1902ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜேக்கப்ஸ் 1863இல் இலண்டனின் துறைமுகப் பகுதியான வொப்பிங்கில் பிறந்தவர். தந்தை அங்கே ஒரு படகுத்துறையின் முகாமையாளர். ஜேக்கப்ஸ் 1879 முதல் 1899 வரை அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞராக இருந்தார். ஏழைகளும் சிறுவருமானக்காரரும் சதம் சதமாகச் சேர்க்கும் பணத்தின் கணக்கோடு இருபது வருடங்கள் கழித்த ஒருவருக்கு, 200 பவுண் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கதையின் முதற்பக்கத்திலேயே இக்குடும்பத்தின் வர்க்கநிலை வந்துவிடுகிறது. வீட்டுக்குப் பெயர் ‘லெபர்னம் வில்லா’. பெயர் பெரியது. ஆனால் நடைபாதை சேறு, வீதி வெள்ளக்காடு. அந்த வீதியில் இரண்டு வீடுகளுக்கு மட்டுமே குடியாட்கள் இருப்பதால் எவரும் கவனிப்பதில்லை என்று வைட் சலித்துக்கொள்கிறார். கடன் தீராத வீடு. மகன் தொழிற்சாலைக்குப் போகிறான். இவர்கள் பட்டினி கிடப்போர் அல்லர், வசதியானவர்களும் அல்லர். கீழே விழாமலிருக்க ஒவ்வொரு நாளும் கவனமாக இருக்க வேண்டிய மனிதர்கள்.

பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்றே இக்கதையைப் பலரும் விளக்குவர். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் வைட்டின் பாத்திரத்தை நிதானமாக நோக்குமிடத்து அந்த விளக்கம் பொருந்தவில்லை. என்ன கேட்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. வேண்டியதெல்லாம் தன்னிடம் இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். வீட்டுக் கடனை நினைவூட்டுபவன் மகன். அதைக் கேட்கும்போதும் அந்த மனிதர் வெட்கப்படுகிறார். குடியிருக்கும் வீட்டின் கடன் தீரவேண்டும் என்று விரும்புவது பேராசை என்றால், நம்மில் யார்தான் பேராசைக்காரர் அல்லர்?

எல்லாவற்றிலும் என் மனதைத் தைத்தது கொம்பனியின் ஆள் வரும் காட்சி. பளபளக்கும் புதிய பட்டுத்தொப்பி அணிந்த ஒருவர் வெளியே தயங்கி நிற்கிறார். அவரைக் கண்டதும் திருமதி வைட் தன் ஏப்ரனை அவசரமாகக் கழற்றிக் கதிரை மெத்தைக்கு அடியில் மறைக்கிறாள். அறை ஒழுங்காக இல்லை என்றும், கணவன் தோட்டத்து மேலங்கியோடு இருக்கிறார் என்றும் மன்னிப்புக் கேட்கிறாள். மகனின் மரணச் செய்தியோடு வந்தவரிடம், தங்கள் உடுப்புக்காக மன்னிப்பு! அந்த ஒரு செயலில் இரு வர்க்கங்களுக்கு இடையிலான தூரம் முழுவதும் தெரிகிறது.

வந்தவர் கெட்டவர் அல்லர். அவர் தடுமாறுகிறார், இரக்கப்படுகிறார். தான் வெறும் ஊழியன், ஏவியதைச் செய்கிறேன் என்கிறார். பிறகு சொல்ல வந்ததைச் சொல்கிறார்: கொம்பனி எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை, மகனின் சேவையைக் கருதி ஒரு தொகை வழங்குகிறது.

அந்தப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதில்லை. அந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்பு வேலி இருந்ததா? பொறுப்பில்லை என்றால் ஏன் பணம்? இக்கதையில் நடக்க வேண்டிய பெரிய மோதல் கொம்பனிக்கும் குடும்பத்துக்கும் இடையிலானது. அது நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கணவனும் மனைவியும் இருட்டில் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். இருவரும் பழியைப் போடுவது குரங்கின் பாதத்தின் மீது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1837இல் இங்கிலாந்து நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின்படி, சக தொழிலாளியின் தவறால் காயப்பட்டவர் முதலாளியிடம் நட்டஈடு கோர முடியாதிருந்தது. 1880இல் வந்த சட்டம் இந்நிலையை ஓரளவு தளர்த்தியது. எனினும் தவறு முதலாளி தரப்பினது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளிக்கே இருந்தது. 1897இல்தான் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. அதற்காக முன்னின்றவர் ஜோசப் சேம்பர்லேன். தொழிற்சாலை, சுரங்கம், புகையிரதப் பாதை முதலிய இடங்களில் வேலையின்போது விபத்து நேர்ந்தால், யார் தவறு என்ற கேள்வியின்றி முதலாளி நட்டஈடு வழங்க வேண்டும் என்றது அது. தொழிலாளியின் பாரதூரமான, வேண்டுமென்றே செய்த தவறு மட்டும் விதிவிலக்கு. தொழிலாளி இறந்தால், அவரது உழைப்பில் முற்றாகத் தங்கியிருந்தோருக்கு மூன்று வருடச் சம்பளம் அல்லது 150 பவுண், இரண்டில் கூடியது; ஆனால் 300 பவுணுக்கு மேற்படலாகாது. தங்கியிருப்போர் எவருமில்லை என்றால் மருத்துவத்துக்கும் அடக்கத்துக்குமாக 10 பவுண் வரை மட்டுமே.

ஆக, கதை வெளிவந்தபோது இச்சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு வருடங்களாகியிருந்தன. கொம்பனி அன்பளிப்பாகக் கொடுத்த 200 பவுண், சட்டம் குறித்த 150க்கும் 300க்கும் இடையில் நிற்கிறது. மகனின் உழைப்பில் அந்தப் பெற்றோர் எவ்வளவு தங்கியிருந்தார்கள் என்பதைக் கதை சொல்லவில்லை. அதனால் அவர்களுக்குச் சரியாக எவ்வளவு சேரவேண்டியிருந்தது என்று கணக்கிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. உரிமையாகக் கேட்டிருக்கக் கூடிய ஒன்று, பொறுப்பில்லை என்ற சொல்லோடு கருணையாக அவர்கள் கையில் வைக்கப்பட்டது.

பக்கீர் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வறுமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. தாயிரா தட்டிப் பாடிவரும் பக்கீர்மாரை நம் ஊர்கள் நன்கறியும். அக்கால ஆங்கிலேயரோ இந்தியாவின் எல்லாச் சமயத் துறவிகளையும் அப்பெயரால் அழைத்தனர். கதையில் அவருக்குப் பெயரில்லை, முகமில்லை. ஹேர்பர்ட்டைக் கொன்றது இங்கிலாந்தின் இயந்திரம். பயமும் பழியும் மட்டும் கடல் கடந்து பெயரற்ற ஓர் ஏழையின் தலையில் விழுகின்றன. ஜேக்கப்ஸ் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற இடைவெளியை அவர் கடைசிவரை விட்டே வைத்திருக்கிறார். அந்த இடைவெளியில் நின்று பார்த்தால் தெரிவது இதுதான்.

இவ்வளவையும் வாசித்தபோது பழைய நினைவொன்று என்னைத் தூங்கவிடவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து அரிசி ஆலையொன்றில் பட்டியில் சிக்கி ஓர் இளைஞன் மௌத்தானான். ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள் ஆலை முதலாளி என்னிடம் வந்தார். நல்ல தமிழில் ஒரு கடிதம் வேண்டும் என்றார். மரணத்துக்கு ஆலை பொறுப்பல்ல, காலஞ்சென்றவரின் சேவையைக் கருதி இத்தொகை அன்பளிப்பாக வழங்கப்படுகிறது, இனி எக்கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாய் கைநாட்டு வைத்தார். முதலாளி நல்ல மனிதர் என்று நானே பலரிடம் சொன்னேன். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருப்பதோ, அதற்கென ஓர் ஆணையாளர் இருப்பதோ அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஊரில் படித்தவன் என்று பெயர் மட்டும் இருந்தது. பட்டுத்தொப்பி அணிந்து வந்தவரின் வசனத்தை, அவரை விட அழகான எழுத்தில், நான் எழுதியிருந்தேன்.

சென்ற மாதம் அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அண்டைக்கு நீங்கதானே சேர் எழுதித் தந்தீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் போட்டுத் தந்த தேநீரை என்னால் குடித்து முடிக்க இயலவில்லை.

மாணவியின் கேள்விக்கு வகுப்பில் எல்லோருக்கும் கேட்கவே விடை சொன்னேன். “குடுக்க வேண்டிய காசுதான் மகள். கேட்கத் தெரிஞ்ச ஆள் அந்த வீட்டில இருக்கல்ல.”