இரகசியச் சங்கமும் புதிதாய் வந்தவனும்

ரிங்லெட் பக்கம் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் குண்டர் சங்கச் சண்டை எப்படி மூண்டது, அதை எப்படி அடக்கினார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

1867 ஆகஸ்டில் பினாங்கில் சுமார் பத்து நாட்கள் கலவரம் நடந்தது. கீ ஹின் என்ற சீனச் சங்கத்தோடு வெள்ளைக்கொடிச் சங்கமும், தோ பே கோங் சங்கத்தோடு செங்கொடிச் சங்கமும் சேர்ந்து மோதின. கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களோடு தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆகவே இதைச் சீனர் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

1869இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. பதிவு நடந்தது, அடிதடி நிற்கவில்லை. காரணம் உண்டு. கடனோடு கப்பலில் வந்திறங்கிய கூலியாளுக்கு ஊரும் தெரியாது, சட்டமும் தெரியாது. படுக்க இடம், வேலை, இறந்தால் அடக்கம் எல்லாவற்றுக்கும் சங்கமே கதி. பதிலுக்குச் சங்கம் சத்தியம் வாங்கியது. கூப்பிட்டால் கம்பெடுத்து வரவேண்டும்!

இந்த முடிச்சைப் புரிந்துகொண்டவர் வில்லியம் பிக்கரிங். சீனம் பேசத் தெரிந்த வெள்ளைக்கார அதிகாரி. 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் அவர் பொறுப்பில் திறந்தது. கப்பலில் வந்தவர்களை அலுவலகமே எதிர்கொண்டு, வேலை ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் விளக்கியது. சங்கத் தலைவர்களை அழைத்து வழக்குகளைப் பேசித் தீர்த்தது. சுலபமான வேலையல்ல, 1887இல் அந்த அலுவலகத்திலேயே ஒருவன் கோடரியை வீசி அவர் நெற்றியைப் பிளந்தான். ஆபத்தான சங்கங்களுக்கு முழுத் தடை 1890இல்தான் வந்தது.

நம் பக்கம் வருவோம். தோட்டத்துக்கு வந்த தமிழனை எதிர்கொண்டவர் கங்காணி. அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு கதை. ஆனால் லயம், கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி என்று நாலு பேர் கண்பார்வையில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1980களிலிருந்து மேற்குக் கரைத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போயின. குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. அங்கே நம் இளைஞர்கள் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் போலவே நின்றார்கள். ரிங்லெட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலை தேடி இறங்கும் பிள்ளைக்கும் முதல் வாரக் கேள்வி அதுதானே: எங்கே படுப்பது, யாரைக் கேட்பது?

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு, 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் 49 கும்பல்களைச் சட்டவிரோதமென அறிவித்தது. அமைச்சு சொன்ன கணக்கில் உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களில் இந்தியர் 28,926 பேர். நாட்டு மக்களில் அப்போது நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான்.