தட்டும் தராசும்: பள்ளி உணவின் கணக்கு

பள்ளிக்கு வரும் பிள்ளை பசித்திருந்தால், அதன் சாப்பாட்டுச் செலவை யார் ஏற்க வேண்டும்? பெற்றோரா, ஊரா, அரசா? இக்கேள்வியை ஒட்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பெரும் வாதம் நடந்தது. அந்த வாதத்தின் நடுவே சாட்சி சொல்ல வந்தது ஒரு சாதாரண எடைத் தராசு. அது எங்கே சரியாகப் பேசியது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அரைப் பென்னி வரி

இங்கிலாந்தில் 1880இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. 1891க்குப் பின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணமும் நீங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் வந்து அமர்ந்தபோதுதான், அவர்களில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. 1899இல் தொடங்கிய போயர் போருக்கு ஆள் திரட்டியபோது, உடல் தகுதி இல்லை என்று பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். இதை ஆராய அமைத்த குழு 1904இல் தந்த அறிக்கை, பள்ளிப் பிள்ளைகளின் உணவைப் பற்றியும் பேசியது.

1906இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. இதன்படி உள்ளூர்க் கல்விக் குழுக்கள் விரும்பினால் உணவு வழங்கலாம்; கட்டாயம் இல்லை. கொடுக்க முடிந்த பெற்றோர் செலவைக் கொடுக்க வேண்டும். முடியாதவர்களின் பங்கை நன்கொடையிலிருந்து எடுக்கலாம். அதுவும் போதாவிட்டால் மேலிடத்தின் அனுமதி பெற்று உள்ளூர் வரியில் கை வைக்கலாம். ஆனால் சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரைப் பென்னிக்கு மேல் போகக்கூடாது. அந்நாளில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆகவே அரைப் பென்னி என்பது 480இல் ஒரு பங்கு!

சட்டத்தின் இன்னொரு விதியையும் கவனியுங்கள். உணவுக்குப் பணம் கட்டத் தவறினாலும் தகப்பனாரின் வாக்குரிமை பறிபோகாது என்று அது சொன்னது. அரசின் ஏழையர் நிவாரணம் பெற்றவர் வாக்குரிமையை இழந்த காலம் அது. பிள்ளை குடித்த கஞ்சிக்குத் தந்தையின் ஓட்டை விலையாகக் கேட்கக்கூடாது என்பதே இவ்விதியின் பொருள்.

இச்சட்டத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. ஊரார் சோறு போட்டால் பெற்றோருக்குப் பொறுப்பு போய்விடும் என்றனர் சிலர். உணவால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற ஐயமும் எழுந்தது. முதல் வாதத்துக்குத் தராசு பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்குச் சொல்ல முடியும்.

பிராட்ஃபோர்டின் வரைபடம்

பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகள் நிறைந்த நகரம். 1907இல் அங்கே மருத்துவர் ரால்ஃப் கிரௌலியும் சமையற்கலைக் கண்காணிப்பாளர் மரியன் கஃப் அம்மையாரும் ஒரு சோதனை நடத்தினர். ஏழைப் பிள்ளைகள் 40 பேரைத் தேர்ந்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் நண்பகலில் சூடான சாப்பாடும் கொடுத்தார்கள். எடையைத் தொடர்ந்து குறித்து வந்தார்கள். உணவு பெறாத சில பிள்ளைகளையும் ஒப்பீட்டுக்காக எடை போட்டார்கள்.

கிடைத்த வரைபடம் எளிமையானது. உணவு தொடங்கியதும் எடைக்கோடு மேலே ஏறியது. இடையில் விடுமுறை வந்தது. பள்ளி மூடியது, உணவும் நின்றது. கோடு கீழே இறங்கியது. பள்ளி திறந்ததும் மீண்டும் ஏறியது. அதே பிள்ளைகள், அதே வீடுகள். மாறியது சாப்பாடு ஒன்றுதான். பிள்ளைகளுக்கு விடுமுறை உண்டு, பசிக்கு விடுமுறை இல்லை என்பதை அந்தக் கோடு காட்டிவிட்டது. 1914இல் சட்டம் திருத்தப்பட்டபோது அரைப் பென்னி உச்சவரம்பு நீங்கியது. விடுமுறை நாட்களிலும் உணவு தர வழி பிறந்தது.

இருபதாயிரம் பிள்ளைகள்

அடுத்து பால் வந்தது. இலண்டனுக்கு அருகே சிறுவர் இல்லம் ஒன்றில் மருத்துவர் காரி மான் ஆராய்ந்து 1926இல் முடிவுகளை வெளியிட்டார். வழக்கமான உணவு மட்டும் உண்ட சிறுவர்கள் ஓராண்டில் சராசரி 3.85 பவுண்டு (சுமார் 1.75 கிலோ) எடை கூடினர். அதனுடன் நாள்தோறும் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர், பால் குடித்தவர்கள் 6.98 பவுண்டு (சுமார் 3.17 கிலோ) கூடினர்.

இதைப் பெரிய அளவில் சோதிக்க 1930இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் ஏற்பாடு நடந்தது. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை நாள்தோறும் முக்கால் பைன்ட் பால். மறுபாதிக்குப் பால் இல்லை. செலவு ஏறக்குறைய 7,500 பவுண்டு. பால் குடித்தவர்களே அதிகம் வளர்ந்தனர் என்று அறிக்கை கூறியது.

மறு ஆண்டு 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு விமரிசனக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். புள்ளியியலில் 'ஸ்டூடன்ட் டி-சோதனை' படிப்பவர்கள் அறிந்த அதே 'ஸ்டூடன்ட்' இவர்தான்.

அவர் சுட்டிய குறை என்ன? யாருக்குப் பால் என்பதைப் பள்ளிகளில் குலுக்கல் முறையிலோ அகர வரிசையிலோ முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு குழுவில் நன்றாக உண்டவர்களோ மெலிந்தவர்களோ அதிகமாக விழுந்தால், ஆட்களை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். மெலிந்த பிள்ளைக்குப் பால் போகட்டும் என்று ஆசிரியர் மனம் இரங்குவது இயல்பே. விளைவு, பால் பெறாத குழுவினர் தொடக்கத்திலேயே எடையிலும் உயரத்திலும் முந்தி நின்றனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிள்ளைகளை உடையுடனேயே எடை போட்டார்கள். பிப்ரவரி கடுங்குளிர், ஜூன் கோடை. வசதியான பிள்ளை குளிர்காலத்தில் கனமான கம்பளி உடை அணிந்திருக்கும். கோடையில் அதைக் கழற்றிவிடும். ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற அவ்வளவு உடை ஏது? ஆகவே வசதியானவர்கள் அதிகம் இருந்த குழுவில் உடல் எடை கூடியதன் ஒரு பகுதியை, உடை எடை குறைந்தது மறைத்துவிடும். தராசு பொய் சொல்லவில்லை. உடலையும் சட்டையையும் சேர்த்துச் சொன்னது. இரட்டைப் பிள்ளைகள் 50 சோடி இருந்தால், மிகச் சிறிய செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைக்கும் என்றார் காசெட். எண்ணிக்கை பெரிதானால் பிழை தானாக மறைந்துவிடாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

கணக்கு யார் பேரில்?

பால் பயனற்றது என்று காசெட் சொல்லவில்லை என்பதை மறக்கக்கூடாது. 1934 முதல் பிரிட்டன் பள்ளிகளில் மூன்றில் ஒரு பைன்ட் பால் அரைப் பென்னிக்குக் கிடைத்தது. 1944 கல்விச் சட்டம் பள்ளி உணவு வழங்குவதைக் கல்விக் குழுக்களின் கடமையாக்கியது. 1946இல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பால் இலவசமாயிற்று. 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலோருக்கு அது நிறுத்தப்பட்டது. பாலின் சத்து மாறவில்லை. செலவை யார் ஏற்பது என்ற முடிவுதான் மாறியது.

நம் சென்னையிலும் இதே கதைதான். 1920இல் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தர முடிவு செய்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாததால் 1925இல் அது நின்றது. அன்று தடையாக வந்தது, எந்த நிதியில் எழுதுவது என்ற கேள்வியே.

மாணவ நண்பர்களே! சாப்பாட்டால் பிள்ளை வளர்கிறதா என்பது அளந்து அறிய வேண்டிய கேள்வி. செலவை யார் ஏற்பது என்பது சமுதாயம் கூடி முடிவு செய்ய வேண்டிய கேள்வி. முதற்கேள்வியில் இரக்கம் புகுந்தால் அளவை கெடும். இரண்டாவதில் இரக்கம் இல்லாவிட்டால் பிள்ளை கெடும். உங்கள் பள்ளியில் எடை பார்க்கும்போது கேட்டுப் பாருங்கள்: அதே தராசா, அதே நேரமா, அதே அளவு உடையா? சிறிய கேள்விகள்தாம். லானர்க்‌ஷயரில் 7,500 பவுண்டு செலவழித்தவர்கள் தவறவிட்டதும் இத்தகைய சிறிய கேள்விகளைத்தான்.