பேரல்லியும் பெயருரிமையும்

அமேசன் படுகையில் வளரும் பேரல்லியின் இலை இரண்டு மீற்றரையும் தாண்டி விரிவது. அதன் பெயர் வரலாறோ ஆதிக்கத்தின் வரலாறாகவே தொடங்குகின்றது.

ஜேர்மானியத் தாவரவியலாளர் பொப்பிக் 1832 இலேயே இதனை விபரித்து, ‘அமசோனிக்கா’ என இனப்பெயரிட்டிருந்தார். 1837 இல் ஷொம்பேர்க் பிரித்தானிய கயானாவின் பேர்பிஸ் ஆற்றில் இதனைக் கண்டார். அவ்வாண்டு அரியணையேறிய அரசியின் பெயரால் லிண்ட்லி இதனை ‘விக்டோரியா ரீஜியா’ என்றார். முந்திய இனப்பெயரே செல்லும் என்னும் விதிப்படி ‘ரீஜியா’ பின்னர் நீங்கிற்று. சாதிப்பெயராக அரசி நிலைத்துவிட்டார். தெற்கே, குவரானி மக்கள் ‘இருப்பே’ என்றழைத்த மற்றோரினத்துக்கும் சாந்தா குரூஸ் என்னும் பொலிவிய ஆட்சியாளரின் பெயரே வாய்த்தது. ஆற்றங்கரை மக்களின் சொல் ஏட்டில் ஏறவில்லை.

பெயர் பிழைத்தால் பொருளும் மறையும். 1845 இல் பொலிவியாவிற் சேகரிக்கப்பட்ட மாதிரியொன்று கியூ தாவரச் சேமிப்பகத்தில் 177 ஆண்டுகள் வேற்றினத்தின் பெயரிலே கிடந்தது. முள் நிறைந்த பேரிலையை உலர்த்தித் தாளில் அடக்கி ஒப்புநோக்குதல் எளிதன்றுதான். பொலிவியத் தோட்டங்கள் வழங்கிய விதைகள் கியூவில் முளைத்து, ஏனைய இரு இனங்களோடு அருகருகே வளர்ந்தபோதே வேறுபாடு தெளிந்தது. 2022 இல் அம்மூன்றாம் இனம் ‘பொலிவியானா’ எனப் பெயர் பெற்றது.