கடைமடையிலிருந்து அணைகளைப் பார்த்தல்



சிதம்பரமும் காட்டுமன்னார்கோயிலும் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையைக் கடந்து, கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது.

அணைத் தண்ணீர் நிலம் உள்ளவருக்கே சொத்தாகும். வாய்க்கால் வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் சேரி மக்கள். நெல் போய்ச் சேர்ந்ததோ மிராசுதார் களத்துக்கும் மடத்துக் களஞ்சியத்துக்கும். அணை வந்ததால் கூலி நாட்கள் கூடியிருக்கலாம். காணி நிலம் கைக்கு வரவில்லை.

இந்த முடிச்சை அண்ணல் அம்பேத்கர் இளம்வயதிலேயே கண்டார். 1918இல் சிறு நில உடைமை குறித்து எழுதிய கட்டுரையில், அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பிக் கிடப்பதை நோய் என்றார். தொழில்மயத்தை மருந்து என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தது. வெள்ளத் தடுப்புடன் பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து அனைத்தையும் இணைத்த பல்நோக்குத் திட்டத்தை அவருடைய துறை முன்னெடுத்தது. 1945 நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா ஆறுகள் பற்றிய மாநாட்டுக்கு அவரே தலைமை ஏற்றார். ஹிராகுட் திட்டம் அதன் தொடர்ச்சி. அணை வரலாற்றில் நேருவின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர் பெயர் நிலைக்கவில்லை.

தண்ணீர் பட்டாவைத் தேடிப் போகும். மின்சாரத்தால் ஓடும் ஆலையோ பட்டா இல்லாதவருக்கும் வேலை தர முடியும். மலிவான மின்சாரம் வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் அணைக்கும் மின்நிலையத்துக்கும் முதலில் நிலம் வேண்டும். ஹிராகுட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்தது. நம் மாவட்டத்தில் ஆற்றுக்குப் பதில் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி நிறுவனம் உருவாகி, 1962இல் மின்சாரம் வந்தது. அக்காலத்து 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்துக்கு விலை கட்டியது. அதில் உழைத்த கூலியின் பிழைப்புக்கு விலை கட்டவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என எழுதப்பட்டது. அந்த ஒரு வரி சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு 119 ஆண்டுகள் ஆயின. அதை நடைமுறையில் கேட்டுப் பெறுவது நம் தலைமுறையின் வேலை.