இழுவை

எங்கள் ஊர்ப் பக்கம் 'இழுவை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகின் வலை. அதன் பெயரைச் சொன்னாலே கூடவே ஒரு வசவும் வரும். இன்னொன்று, ராத்திரியில் வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியல். அதற்கும் வசவு உண்டு, ஆனால் திட்டுபவர்கள் ஆண்கள் மட்டும். "ஒரு கதவத் தொறக்க மூணு நாளு. இன்னா இழுவடா சாமி" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்கள். சொல்லிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று காதை மட்டும் கொடுத்து வைத்திருப்பார்கள்.

பழவேற்காட்டைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு ஏராளம். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை, எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைகள், கப்பலேறிய துணி, கப்பலேற்றப்பட்ட அடிமைகள் என்று அது நீளும். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பள்ளிப் புத்தகத்திலும் ஒரு வரி உண்டு. ஏரிக்கரைக் குப்பங்களின் பெண்கள் மாலை ஏழரை மணிக்கு மேல் என்ன செய்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த வரலாறு. குறிப்பாக ஒரு கேள்வி: தொடங்கி மாதக்கணக்கில் எதுவும் நடக்காத ஒரு கதையின் முன்னால், நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்த பெண்கள் ஏன் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தார்கள்?

தொலைக்காட்சிக்கு முன்பே எங்களுக்கு மெதுவான கதைகள் பழக்கம். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து பல ராத்திரிகள் நடக்கும். கூத்து எடுத்தவுடன் கதைக்குள் போகாது. கட்டியக்காரன் வந்து ஊரைக் கிண்டல் செய்வான். திரைக்குப் பின்னால் நின்று வேஷம் பாடும், ஆடும், முகத்தைக் காட்டாது. சின்னப் பிள்ளைகள் தூங்கிப்போன பிறகு, நடுச்சாமம் தாண்டித்தான் துகில் உரியும் இடம் வரும். அதுவரை விழித்திருந்த பெண்கள் அப்போது அழுவார்கள். திரௌபதியாக ஆடுபவர் ஆண், பாடுபவரும் ஆண். பெண்களுக்கு அங்கே இருந்த ஒரே வேலை, காத்திருந்து பார்ப்பது. அதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே. உயரமான கழியில் ஆண்டெனா கட்டினால் படம் வரும், காற்றடித்தால் போகும். நான் சிறுமியாக இருந்தபோது தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் பெரிது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலை சினிமா, அவ்வளவுதான். வாசலில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பாதிப் படத்தை முதுகுகளுக்கு இடையில்தான் பார்த்திருக்கிறோம்.

இந்தியத் தொலைக்காட்சித் தொடரின் வரலாறே ஒரு மந்தமான தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. மெக்சிகோவில் மிகேல் சபிடோ குடும்பக் கட்டுப்பாட்டைக் கதைக்குள் வைத்து எடுத்த தொடர்கள் அதற்கு முன்மாதிரி. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. முதல் 13 பகுதிகளில் கதையைவிட உபதேசம் அதிகம். பார்த்தவர்கள் குறைபட்டார்கள். பிறகு உபதேசத்தைக் குறைத்து, குடும்பத்துச் சண்டை சச்சரவைக் கூட்டினார்கள். அதன்பிறகு வடக்கே அது பிடித்துக்கொண்டது. 156 பகுதிகள் ஓடி 1985 டிசம்பரில் முடிவதற்குள் ஏறக்குறைய நான்கு லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. இந்தி என்பதால் நம் பக்கம் அந்த அலை அவ்வளவாக அடிக்கவில்லை.

ஆனாலும் அந்தத் தொடரை நான் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் பாகவந்தி என்று ஒரு தாய். குடிகாரக் கணவனையும் மாமியாரையும் பொறுத்துப்போகிறவள். இப்படி இருக்காதீர்கள் என்று எச்சரிக்கத்தான் அவளைப் படைத்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, கணிசமான பார்வையாளர்கள் அவளையே நல்ல முன்மாதிரி என்றார்கள். பெண்களும் அப்படிச் சொன்னார்கள். திரையில் ஒருத்தி பொறுத்துக்கொண்டே இருந்தால், பார்ப்பவர்கள் அந்தப் பொறுமையைக் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு அதனால்தான் நெடுநாள் இருந்தது. சீரியல் என்றாலே முகம் சுளிக்கும் பெண்ணியவாதியாகவே கல்லூரியிலிருந்து ஊருக்குத் திரும்பினேன். அந்த முகச்சுளிப்பை எங்கள் அத்தை ஒருத்தி கலைத்தாள்.

அத்தை கூடைக்காரி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ போய் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புவாள். பிறகு கருவாடு, தண்ணீர், சமையல். சன் டிவி 1993இல் வந்தாலும் எங்கள் தெருவுக்குக் கேபிள் வர வருஷங்கள் ஆயின. 2002இல் 'மெட்டி ஒலி' தொடங்கியபோது அத்தை வீட்டில் இரவல் வாங்கிய ஒரு பழைய பெட்டி இருந்தது. மனைவியை இழந்த ஒரு தகப்பன், ஐந்து மகள்கள். திருமுருகன் இயக்கிய அந்தத் தொடரில் முதல் வாரங்கள் பூராவும் அந்த வீட்டைப் பழக்குவதிலேயே போகும். எந்த மகளுக்கு எது பிடிக்கும், யார் சட்டென்று கோபப்படுவாள், அப்பா யாரிடம் வாய்விட்டுப் பேசுவார் என்பதுதான் கதை. எனக்குச் சலித்தது. அத்தைக்குச் சலிக்கவில்லை, ஏனென்றால் அவள் முழுதாக எதையும் பார்க்கவே இல்லை. நடுவில் எழுந்து உலையைப் பார்ப்பாள், ஐஸ்காரருக்குப் பதில் சொல்வாள், பாதியில் தூங்கிப்போவாள். மறுநாள் பஸ்ஸில் இன்னொரு கூடைக்காரி விட்ட இடத்தைச் சொல்லிவிடுவாள். நாலு பெண்கள் ஆளுக்குக் கால்வாசி பார்த்து, சேர்த்து ஒரு முழுக்கதையாக ஆக்கிக்கொண்டார்கள்.

பகல்நேரத் தொடர்களின் மெதுவான, திரும்பத் திரும்பச் சொல்லும் நடை, வேலைக்கு நடுவே பார்க்கும் பெண்ணின் நாளோடு பொருந்துகிறது என்று டானியா மாட்லெஸ்கி 1982இலேயே எழுதினார். 1930இல் இர்னா பிலிப்ஸ் என்ற பெண் சிகாகோ வானொலிக்கு எழுதிய தொடரிலிருந்தே இந்த வடிவம் வீட்டில் வேலை செய்துகொண்டு கேட்பவர்களை மனத்தில் வைத்து வளர்ந்தது. ஆனால் அவர்கள் சொன்ன பெண் வீட்டுக்குள் இருந்தவள். எங்கள் பெண்களின் வேலை ஏரியிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் பரந்து கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடும் இருளர், தலித் பெண்களுக்கு ராத்திரி, பகல் என்பதே ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. அவர்களுக்கு வேகமான கதை எதற்கு ஆகும்? இரண்டு நாள் தவறவிட்டால் தொலைந்துபோகும் கதையைப் பார்க்க, நாளில் ஒரு மணி நேரமாவது தன் கையில் இருக்க வேண்டும். ஆண்கள் கேலி செய்த இழுவை, நேரம் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கொஞ்ச நாள் எந்தப் பெட்டியும் ஓடவில்லை. சிலரின் பெட்டிகளைச் சுனாமி கொண்டுபோயிருந்தது, அத்தையுடையதும் அதில் ஒன்று. சில வாரங்கள் கழித்து, நிவாரணப் பாத்திரம் வாங்க வரிசையில் நின்றபோது, ஒருத்தி தன் பக்கத்தில் இருந்தவளிடம் மெட்டி ஒலியில் என்ன ஆயிற்று என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கேட்டதற்காக உடனே வெட்கப்பட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பதில் சொன்னவள் தெரிந்த வரைக்கும் சொன்னாள்.

அப்புறம் 'கோலங்கள்'. 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. 1,500 பகுதிகளுக்கு மேல். திருச்செல்வம் இயக்கம், தேவயானி அபியாக. பேராசை பிடித்த கணவனையும் மாமியாரையும் அபி பொறுத்த காலம் நீளம். அவள் அந்த மண வாழ்க்கையை விட்டு வெளியேறி, கட்டட நிறுவனம் நடத்தும் பெண்ணாக நிமிர்வதற்கு ஆன காலமும் நீளம். அதற்கு நடுவே 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011இல் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். அத்தைக்கும் ஒன்று வந்தது. முதல் முறையாக அவள் யார் முதுகும் மறைக்காமல் பார்த்தாள்.

அப்போதுதான் நான் அவளைக் கவனித்தேன். அத்தை திரைக்கு முன்னால் பொறுமையாக இருந்தாள், அபியின் பொறுமையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "இன்னும் இன்னாத்துக்குடி அங்க நிக்கிற? கெளம்புடி!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்துவாள். சுற்றி இருந்த பெண்களும் கத்துவார்கள். மாதக்கணக்கில் கதையோடு காத்திருந்ததில் அவர்கள் அபிக்காக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எந்த அவமானம் எந்தத் தீபாவளிக்கு நடந்தது என்பது வரை. எழுதியவர்கள் மறந்திருப்பார்கள், இவர்கள் மறக்கவில்லை.

2009இல் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் வெளியிட்ட ஆய்வு, கேபிள் வந்த கிராமங்களில் பெண்கள் கணவன் அடிப்பதை ஏற்பதும் ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்ததாகச் சொன்னது. அவர்கள் பார்த்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எண்கள் சரியாகவே இருக்கட்டும். ஆனால் கேள்வித்தாளோடு வந்து நிற்பவரிடம் பெண் சொல்லும் பதிலுக்கும், அவர் போன பிறகு வீட்டில் நடப்பதற்கும் இடையே தூரம் உண்டு என்பதை எந்தக் குப்பத்துப் பெண்ணும் சொல்லுவாள்.

அத்தையின் வீட்டில் நடந்தது இது. ஏரியில் சுத்துவலை போட இடங்களை முறை வைத்து, சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது பாடு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு, தலைக்கட்டு என்றால் ஆண். ஏரியில் இறாலுக்குச் சண்டை வராமல் தலைமுறைகளாகக் காத்த முறை என்று ஆய்வாளர்கள் பாடு முறையைப் பாராட்டுவார்கள், அதில் நியாயமும் உண்டு. அந்தச் சீட்டில் பெண் பெயர் இல்லை என்பதைப் பாராட்டுக்கு நடுவே ஓரமாக எழுதுவார்கள். மாமா இறந்தபோது அத்தையின் மகனுக்கு ஒன்பது வயது. மாமாவின் பாட்டில் கொழுந்தனார் வலை போட்டார். கிடைத்ததில் ஏதோ கொடுத்தார், பல நாள் கொடுக்கவில்லை. "பையன் வளர்ற வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று ஊர் சொன்னது. ஆறு வருஷம் பொறுத்தாள். ஒருநாள் ஊர்க்கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய், பெண்கள் நிற்கக்கூடாத அந்த ஓரத்தில் நின்று, எந்த மாதம் எத்தனை நாள் பாடு வந்தது, எவ்வளவு கையில் வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் மறுக்க யாரிடமும் வேறு கணக்கு இல்லை. அந்த ஆண்டிலிருந்து அவள் பங்கைப் பெரியவர்கள் முன்னால் அளந்து கொடுத்தார்கள். பழைய பாக்கி வரவில்லை.

கோலங்கள் பார்த்துத்தான் போய்க் கேட்டாள் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அவளிடமே கேட்டேன். சிரித்தாள். "வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னுக்கினான்டி. அதான் போனேன். அபி எங்க வந்தா?" கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "கணக்கு வச்சிக்கிற புத்தி மட்டும் அப்பதான் வந்துது" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

2022இல் அதே திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கும் ஒரு வீடு. முதல் மாதங்களில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பிறகு மாரிமுத்து நடித்த ஆதிமுத்து குணசேகரனை ஊரே திட்டியது, அவர் 2023 செப்டம்பரில் இறந்தபோது திட்டிய பெண்களே அழுதார்கள். அண்ணன் மகள் அதைக் கைபேசியில் தாமதமாகப் பார்க்க ஆரம்பித்தாள். கல்லூரியில் யாரோ சொன்னார்களாம், முதல் அறுபது எபிசோடைத் தள்ளிவிடு, அப்புறம்தான் சூடு பிடிக்கும் என்று. தள்ளிவிட்டாள்.

அத்தைக்கு இப்போது கண் மங்கல். பக்கத்தில் உட்கார்ந்து குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் மருமகள் ஒருத்தி குணசேகரனை எதிர்த்துப் பேச, பேத்தி கைதட்டினாள்.

"ஆரம்பத்துல அவ எப்பிடி இருந்தான்னு பாத்தியா?" என்றாள் அத்தை.

"இல்ல ஆயா, போரு."

"அப்ப இன்னாத்துக்குக் கை தட்டுற?"

பேத்தி கைபேசியை நிறுத்தினாள். அத்தை காலை நீட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பதரை மணிக்கு நான் கிளம்பும்போது இன்னும் கல்யாண மண்டபத்தைத் தாண்டவில்லை.