ஒரு சிறுவனில் தொடங்கிய கல்விச்சாலை

கல்வியென்பது அறிவொன்றனையே வளர்ப்பதன்று; அறிவும் ஒழுக்கமும் உழைப்பும் ஒருங்கே வளரச் செய்வதாம். இதனை மேடைதோறும் கூறுவார் பலர். உயர்தரக் கல்வியிற் செய்து காட்டினார் சிலரே. அச்சிலருள் ஒருவர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் (1903–1991).

செல்வக் குடியிற் பிறந்து சட்டம் பயின்ற இவர், விடுதலைப் போரிற் சிறை புகுந்தவர். இல்லறம் ஏலாது கல்விப் பணிக்கே தம்மை ஈந்தவர். 1930-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் இவர் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கிய ஞான்று சேர்ந்த மாணவன் ஒருவனே. அவனும் அக்காலத்தார் தீண்டாதாரென ஒதுக்கிய வகுப்பினன். மதுரைத் திருக்கோயிலுள் அவ்வகுப்பினர் புகுந்து வழிபட்டது 1939-ஆம் ஆண்டில். இக்கல்விக் கோயிலின் கதவோ ஒன்பதாண்டு முன்னரே திறந்துவிட்டது.

1934-ஆம் ஆண்டிற் பெரியநாயக்கன்பாளையத்திற் காந்தியடிகள் இதற்கு அடிக்கல் நாட்டினார். பண்டைக் குருகுலம் போல ஆசிரியரும் மாணவரும் உடனுறைதலும், தத்தம் பணியைத் தாமே செய்தலும், வழிபாடும் கைத்தொழிலும் இங்கே பாடத்தின் கூறுகளாயின. ஒழுக்கத்திற்கெனத் தனிப் பாடவேளை ஒன்று வகுத்தமையாமல், நாள் முழுவதையுமே ஒழுக்கப் பயிற்சியாக்கியதுதான் இம்முறையின் உயிர்நிலை என்க.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராய் விளங்கிய பின்னரும் செட்டியாரவர்கள் இந்நெறியை விட்டாரல்லர். வித்தியாலயத்தில் 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் 1956-இற் கிராமியக் கல்வி நிலையமும் எழுந்தன. 1957-இற் பெண்மக்களுக்கென இவர் நிறுவிய மனையியற் கல்லூரி 1988-இற் பல்கலைக்கழக நிலை பெற்றது.

“பட்டமின்றிப் பிழைப்பேது?” என்பார் கேள்வி நேரியதே. செட்டியாரவர்கள் பட்டத்தை இகழ்ந்தாரல்லர். பட்டம் பெறுவோன் துடைப்பம் பிடிக்கவும் நாணலாகாது என்றே கருதினார்.

சங்கத்து அன்பர்காள்! நம் அருணைப் பதியினின்றும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிகட்குச் செல்கின்றனர். அவர்தம் மதிப்பெண்ணை வினவுகின்றோம். விடுதியில் எவரோடு உண்கின்றனர், எப்பணி செய்கின்றனர் என வினவுகின்றோமா? சங்கங்கள் வழங்கும் கல்வி நிதி தம் குலத்தாரளவில் நின்றுவிடுதலும் தகுமோ? ஆண்டிற்கு ஒருவனேனும் பிற வகுப்பு ஏழை மாணவன் நம் பொருளாற் கற்பானாக. அப்பெரியாரும் ஒருவனைக் கொண்டே தொடங்கினார்.