டேஞ்சர்: டயபாலிக் (திரைப்படம்)

டேஞ்சர்: டயபாலிக் என்பது 1968 ஆம் ஆண்டு சனவரியில் இத்தாலியில் வெளியான குற்றவியல் திரைப்படம் ஆகும். மாரியோ பாவா இயக்கிய இப்படத்தை டினோ டி லாரன்டிஸ் தயாரித்தார். இத்தாலியில் புகழ்பெற்றிருந்த 'டயபாலிக்' என்னும் சித்திரக்கதைத் தொடரைத் தழுவி இது எடுக்கப்பட்டது. சட்டத்தின் கையில் சிக்காத ஒரு திருடனே இதன் கதைத்தலைவன்.

சித்திரக்கதையின் தோற்றம்

டயபாலிக் தொடரை உருவாக்கியவர்கள் மிலான் நகரைச் சேர்ந்த ஆஞ்சலா ஜுஸ்ஸானி, லூச்சானா ஜுஸ்ஸானி என்னும் சகோதரிகள். அதன் முதல் இதழ் 1962 நவம்பரில் ஆஞ்சலா தொடங்கிய அஸ்தோரினா பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் செல்வோரை மனத்தில் வைத்தே இதழின் அளவு முடிவு செய்யப்பட்டது. அது சட்டைப்பையில் அடங்கும். ஒரு பயணத்திற்குள் படித்து முடித்துவிடலாம். ஒரு பக்கத்திற்குப் பெரும்பாலும் இரண்டு படங்களே இருக்கும்.

கிளெர்வில் என்னும் கற்பனை நகரமே கதையின் களம். கருப்பு உடையும் முகமூடியும் அணிந்த டயபாலிக், கறுப்பு ஜாகுவார் காரில் வலம் வந்து செல்வர்களிடம் கொள்ளையடிப்பான். தேவைப்பட்டால் கத்தியால் கொலையும் செய்வான். அவனைத் துரத்துபவர் காவல் ஆய்வாளர் ஜிங்கோ. 1963 இல் வெளிவந்த மூன்றாம் இதழில் ஏவா கான்ட் அறிமுகமானாள். அவள் டயபாலிக்கின் காதலி மட்டுமல்லள். திட்டம் தீட்டுவதிலும் ஆபத்திலும் அவனுக்குச் சமமான கூட்டாளி. ஆண்களே கோலோச்சிய சாகசக் கதை உலகில், இரு பெண்கள் படைத்த இப்பாத்திரம் புதுமையாக இருந்தது.

இத்தொடரின் வெற்றியைக் கண்டு 1964 இல் கிரிமினல், சாட்டானிக் போன்ற இதழ்கள் தோன்றின. இவை 'கருப்புச் சித்திரக்கதைகள்' எனப்பட்டன. குற்றவாளியை நாயகனாக்கும் இக்கதைகள் இளைஞரைக் கெடுக்கும் என்று பத்திரிகைகள் கண்டித்தன, வழக்குகளும் தொடரப்பட்டன. இதனால் விற்பனை குறையவில்லை.

படத்தின் உருவாக்கம்

1965 இல் ஆங்கிலேய இயக்குநர் செத் ஹோல்ட் தலைமையில் படப்பிடிப்பு தொடங்கியது. எடுத்த காட்சிகளில் நிறைவு கொள்ளாத டி லாரன்டிஸ் அதை நிறுத்திவிட்டு, பொறுப்பை மாரியோ பாவாவிடம் ஒப்படைத்தார். டயபாலிக்காக அமெரிக்க நடிகர் ஜான் பிலிப் லா தேர்வானார். ஏவாவாக நடிக்க வந்த கேத்தரின் டெனூவ் சில நாள்களிலேயே விலக, ஆஸ்திரிய நடிகை மரீசா மெல் அவ்விடத்தை நிரப்பினார். ஜிங்கோவாக மிஷல் பிக்கோலியும், கொள்ளைக்கூட்டத் தலைவன் வால்மான்ட்டாக அடோல்போ செலியும், அமைச்சராக டெர்ரி தாமசும் நடித்தனர். எண்ணியோ மோரிக்கோனே இசையமைத்தார்.

ஒளிப்பதிவாளராகத் தொழிலைத் தொடங்கியவர் பாவா. குறைந்த செலவில் பெரிய காட்சியைக் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. படத்தில் வியப்பூட்டும் டயபாலிக்கின் நிலத்தடி மாளிகை முழுவதும் கட்டப்பட்டதன்று. கட்டிய சிறு பகுதியுடன், கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களையும் சிறு மாதிரிகளையும் கேமராவின் முன் பொருத்தி, பெருங்குகை இருப்பதுபோல் அவர் காட்டினார். அலமாரிச் சட்டங்கள், கார்க் கண்ணாடி போன்றவற்றின் வழியே நடிகர்களைப் படம்பிடித்து, சித்திரக்கதையின் கட்டங்களைத் திரையில் நினைவூட்டினார்.

கதைச்சுருக்கம்

காவல்துறையின் பலத்த பாதுகாப்பில் செல்லும் 1 கோடி டாலரை டயபாலிக் கவர்ந்து செல்கிறான். பின்னர் ஏவாவின் பிறந்தநாளுக்காக மரகத மாலை ஒன்றைத் திருடுகிறான். அவனைப் பிடிக்க வால்மான்ட்டையே காவல்துறை பயன்படுத்துகிறது. தன் தலைக்கு அரசு விலை வைத்ததும், வரி அலுவலகங்களை டயபாலிக் குண்டு வைத்துத் தகர்க்கிறான். கணக்குகள் அழிந்துபோனதால், மக்கள் தாமாக முன்வந்து வரி செலுத்த வேண்டும் என்று அமைச்சர் கேட்க, கூடியிருந்தவர்கள் சிரிக்கின்றனர். இறுதியில் 20 டன் எடையுள்ள தங்கக் கட்டியைத் திருடி உருக்கும்போது காவலர்கள் குகைக்குள் நுழைகின்றனர். தெறித்த தங்கம் டயபாலிக்கை மூடிச் சிலையாக்குகிறது. வெப்பம் தாங்கும் உடைக்குள் உயிரோடிருக்கும் அவன், ஏவாவைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறான்.

மதிப்பீடு

சித்திரக்கதையில் இருந்த கொடூரம் திரையில் பெரிதும் குறைக்கப்பட்டது. தணிக்கைக்கு அஞ்சிய தயாரிப்பாளர் அதையே விரும்பினார். ஆனால், இந்த மாற்றம் ஒரு முரணைத் தந்தது. கதையில் வாசகர் டயபாலிக்கைக் கண்டு அஞ்சினர். படத்திலோ பார்வையாளர் அவனோடு சேர்ந்து அரசைக் கண்டு சிரித்தனர். கத்தியைவிட இந்தச் சிரிப்பே அதிகாரத்திற்குக் கூர்மையான தாக்குதல் என்பதை அக்காலத்தில் பலரும் கவனிக்கவில்லை.

வெளியானபோது படத்திற்குப் பெரிய வரவேற்பு கிட்டவில்லை. அடுத்த பாகத்தை இயக்க பாவா முன்வரவில்லை. அவர் 1980 இல் காலமானார். எனினும் காலம் செல்லச் செல்லப் படத்தின் மதிப்பு உயர்ந்தது. 1998 இல் பீஸ்டி பாய்ஸ் இசைக்குழு தனது பாடல் காணொளி ஒன்றில் இதன் காட்சிகளைப் பயன்படுத்தியது. 2021 இல் மானெட்டி சகோதரர்கள் புதிய டயபாலிக் படத்தை எடுத்தனர். ஆஞ்சலா 1987 இலும் லூச்சானா 2001 இலும் மறைந்த பின்னரும் சித்திரக்கதை இதழ் தொடர்ந்து வெளிவருகிறது. இளைஞரைக் கெடுக்கும் எனக் கண்டிக்கப்பட்ட அந்தச் சட்டைப்பைப் புத்தகம், இன்று இத்தாலியப் பண்பாட்டு வரலாற்றின் ஒரு பகுதியாக மதிக்கப்படுகிறது.